வால் ஸ்ட்ரீட்டும் கல்லூரி மாணவர்களும்: முதலீட்டு வங்கி வேலைக்கான போட்டியின் வரலாறு

முதலீட்டு வங்கி என்பது நாம் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலிருந்து வேறுபட்டது. நிறுவனங்களுக்கும் அரசுகளுக்கும் பெருந்தொகை திரட்டித் தருதல், பங்குகளையும் கடன் பத்திரங்களையும் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவருதல், ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது விலையும் வழியும் சொல்லுதல் ஆகியவை அதன் தொழில். இவற்றுக்குக் கிடைக்கும் கட்டணமே அதன் வருமானம். அமெரிக்காவில் இத்தொழிலின் தலைமையிடம் நியூயார்க் நகரின் வால் ஸ்ட்ரீட் பகுதி. இன்று பல வங்கிகள் அந்தத் தெருவை விட்டு வேறு இடங்களுக்குப் போய்விட்டன. ஆனாலும் தொழிலின் பெயராக அந்தத் தெருவின் பெயரே நிலைத்துவிட்டது.

2024ஆம் ஆண்டுக் கோடைக்காலப் பயிற்சிப் பணிக்காக கோல்ட்மன் சாக்ஸ் என்ற ஒரே ஒரு வங்கிக்கு உலகெங்கிலுமிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் விண்ணப்பித்தனர். இடம் கிடைத்தவர்கள் 100 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் குறைவு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இடம் பெறுவதைவிட இது கடினம். ஆனால் இதே நிறுவனத்தை 20ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் தலைமை தாங்கி நடத்தியவர் உயர்நிலைப் பள்ளியைக்கூட முடிக்காதவர். இந்த இரண்டு செய்திகளுக்கும் இடையில் நடந்தவற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டம் தேவைப்படாத காலம்

19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க முதலீட்டு வங்கிகள் பெரும்பாலும் குடும்ப நிறுவனங்களாகவே இருந்தன. லேமன் சகோதரர்கள் 1850இல் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரி நகரில் பருத்தி வணிகர்களாகத் தொடங்கியவர்கள். ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதரான மார்கஸ் கோல்ட்மன் 1869இல் நியூயார்க்கில் வணிகர்களின் கடன் சீட்டுகளை வாங்கி விற்கத் தொடங்கினார். 1882இல் அவருடைய மருமகன் சாமுவேல் சாக்ஸ் கூட்டாளியாகச் சேர்ந்தார். கூன் லோப் நிறுவனத்தில் ஜேக்கப் ஷிஃப் தலைமைக்கு வந்த கதையும் இதைப் போன்றதுதான். அவர் கூட்டாளி சாலமன் லோபின் மகளை மணந்தவர். மகன், மருமகன், மைத்துனன் என்ற வரிசையில்தான் அன்று வேலைக்கு ஆள் எடுக்கப்பட்டது.

மறுபுறம் ஜே. பி. மார்கன் நிறுவனத்தைச் சுற்றி இருந்தவர்கள் பழைய புராட்டஸ்டண்ட் குடும்பத்தினர். அவர்களில் ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் பலர். ஆனால் அந்தப் படிப்பை யாரும் தொழில் தகுதியாகப் பார்க்கவில்லை. அங்கே படிக்கக்கூடிய குடும்பம் எது என்பதுதான் அந்தப் பட்டம் சொன்ன செய்தி. மார்கன் வட்டத்தில் யூதருக்கு இடமில்லை. யூத நிறுவனங்களுக்கு வெளியே யூத இளைஞர் ஒருவர் முதலீட்டு வங்கித் தொழிலில் நுழைவது அரிது. பெண்களும் கறுப்பினத்தவரும் கணக்கிலேயே இல்லை.

இந்தக் காலத்தின் மிகச் சிறந்த எடுத்துக்காட்டு சிட்னி வைன்பெர்க் (1891–1969). புரூக்ளினில் பிறந்த அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார். 1907இல் கோல்ட்மன் சாக்ஸில் துப்புரவுப் பணியாளருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். மேலாளர்களின் தொப்பிகளைத் தூசி தட்டுவதும் காலணிகளைத் துடைப்பதும் அவர் வேலை. 1927இல் கூட்டாளியானார். 1930இல் தலைமைப் பொறுப்பேற்று, 1969இல் இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். எளிய நிலையிலிருந்து உயர்ந்தவரின் கதையாக இது இன்றும் சொல்லப்படுகிறது. அவரைப் போன்ற ஒரு சிறுவனுக்கு இன்று அந்தக் கட்டடத்தின் எந்த வாசல் திறக்கும் என்ற கேள்வி அப்படிச் சொல்பவர்கள் வாயிலிருந்து வருவதில்லை.

வணிகப் பள்ளி நுழைகிறது

1929 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. அதைத் தொடர்ந்து வந்த சட்டங்கள் தொழிலின் அமைப்பையே மாற்றின. 1933ஆம் ஆண்டின் கிளாஸ்–ஸ்டீகல் சட்டம், மக்களிடம் வைப்புத்தொகை பெறும் வங்கியும் பங்குப் பத்திரம் விற்கும் வங்கியும் ஒன்றாக இருக்கக் கூடாது என்றது. மார்கன் நிறுவனம் வைப்புத்தொகை பெறும் தொழிலை வைத்துக்கொண்டது. அதிலிருந்து பிரிந்த சிலர் 1935இல் மார்கன் ஸ்டான்லி என்ற முதலீட்டு வங்கியைத் தொடங்கினர். அதே 1933இல் வந்த பத்திரங்கள் சட்டம், பங்கு வெளியிடும் நிறுவனம் தன் நிதிநிலையை விரிவான ஆவணமாக அச்சிட்டுத் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. கணக்கும் எழுத்தும் தெரிந்த இளைஞர்களின் தேவை பிற்காலத்தில் பெருகியதற்கு இந்த ஆவண வேலையும் ஒரு தொடக்கம்.

பிற்காலத்தில் என்று சொல்லக் காரணம் உண்டு. 1930களிலும் போர்க்காலத்திலும் வால் ஸ்ட்ரீட் ஏறக்குறைய ஆளே எடுக்கவில்லை. தொழில் சுருங்கிக் கிடந்தது. புத்திசாலி மாணவர் யாரும் அங்கே போக ஆசைப்படவும் இல்லை. இன்றைய நிலையைப் பார்ப்பவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும்.

போர் முடிந்து 1947இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியிலிருந்து கோல்ட்மன் சாக்ஸுக்கு வந்த ஜான் வைட்ஹெட், மாற்றத்தின் முதல் அடையாளம். ஹேவர்ஃபோர்ட் என்ற சிறிய கல்லூரியில் படித்தவர். கடற்படையில் சேர்ந்து 1944இல் நார்மண்டி கடற்கரைத் தரையிறக்கத்தில் படகு நடத்தியவர். அவரும் சக பணியாளர்களும் வேலை செய்த அறை முன்பு ஸ்குவாஷ் ஆட்டக் கூடமாக இருந்தது. கோடைக்காலத்தில் புழுக்கம் தாங்காமல் அவர் மெல்லிய பருத்திக் கோட்டு அணிந்து வந்ததற்காக, மூத்த கூட்டாளி ஒருவர் மின்தூக்கியில் கண்டித்து வீட்டுக்குப் போய் உடை மாற்றி வரச் சொன்னார் என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். வேலையின் அறிவை வணிகப் பள்ளி கற்றுத்தந்துவிடும், உடையின் விதிகளை வீடு கற்றுத்தந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இந்தச் சின்ன நிகழ்ச்சியில் தெரிகிறது. அந்த எதிர்பார்ப்பு பின்னர் வேறு உருவங்களில் தொடர்ந்தது.

வைட்ஹெட் 1976இல் சிட்னி வைன்பெர்க்கின் மகன் ஜானுடன் இணைந்து நிறுவனத்தின் தலைவரானார். துப்புரவு உதவியாளராக வந்த தந்தையின் மகன் பிரின்ஸ்டனிலும் ஹார்வர்டு வணிகப் பள்ளியிலும் படித்தவர். ஒரு தலைமுறையில் நுழைவுச் சீட்டு மாறிவிட்டது.

இருப்பினும் 1970கள் வரை தொழில் சிறியதாகவே இருந்தது. வங்கிகள் ஆண்டுதோறும் சில வணிகப் பள்ளிப் பட்டதாரிகளை மட்டும் எடுத்தன. இளங்கலை முடித்த 22 வயது மாணவருக்கு அங்கே தனியாக ஒரு பதவி இல்லை.

இரண்டாண்டு அனலிஸ்ட்

1975 மே 1 அன்று அமெரிக்கப் பங்குத் தரகுக் கட்டணங்களின் நிலையான விகிதம் ஒழிக்கப்பட்டது. எளிதாக வந்த தரகு வருமானம் குறைந்ததால் நிறுவனங்கள் வேறு வருமானம் தேடின. 1980களில் ஒரு நிறுவனம் இன்னொன்றைக் கையகப்படுத்தும் அலை எழுந்தது. கடன் வாங்கி நிறுவனத்தை வாங்குவது, பிறகு அந்த நிறுவனத்தின் வருமானத்திலிருந்தே கடனை அடைப்பது என்ற முறை பரவியது. 1988இல் பேரம் முடிந்த ஆர்.ஜே.ஆர். நபிஸ்கோ கையகப்படுத்தலின் மதிப்பு சுமார் 2,500 கோடி டாலர். ஒவ்வொரு பேரத்துக்கும் பக்கம் பக்கமாகக் கணக்கு தேவைப்பட்டது. வட்டி ஒரு விழுக்காடு ஏறினால் என்ன, விற்பனை குறைந்தால் என்ன, ஒரு பிரிவை விற்றால் என்ன என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கைப் போடும் கருவியும் அதே காலத்தில் வந்தது. டான் பிரிக்லின் என்பவர் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்தபோது, கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் தொடர்புடைய எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைப் பார்த்து யோசித்ததன் விளைவு விசிகால்க் என்ற கணக்குத் தாள் மென்பொருள். பாப் ஃபிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் அதை 1979இல் வெளியிட்டார். 1983இல் லோட்டஸ் 1-2-3 வந்தது. ஒரு குழு பல நாள் செய்த வேலையை ஓர் இளைஞர் ஓர் இரவில் செய்ய முடிந்தது. எனவே அந்த இளைஞரிடம் ஒவ்வோர் இரவும் அந்த வேலை கேட்கப்பட்டது.

இப்படித்தான் இளங்கலைப் பட்டதாரிகளுக்கான இரண்டாண்டு அனலிஸ்ட் பதவி பரவியது. இதன் அமைப்பு எளிது. கல்லூரி முடித்தவுடன் சேர வேண்டும். இரண்டு ஆண்டு கடுமையாக உழைக்க வேண்டும். பிறகு பெரும்பாலோர் வணிகப் பள்ளிக்கோ வேறு வேலைக்கோ போய்விடுவார்கள். நிதியியல் முன்னறிவு கட்டாயமில்லை. வரலாறு படித்தவரும் இலக்கியம் படித்தவரும் எடுக்கப்பட்டனர், சில வாரப் பயிற்சி தரப்பட்டது. வாடிக்கையாளரிடம் காட்டும் விளக்கக் கையேட்டைத் தயாரிப்பது, ஒத்த நிறுவனங்களின் விலைகளை ஒப்பிட்டு அட்டவணை போடுவது, அதில் காற்புள்ளி தவறாமல் பார்ப்பது ஆகியவையே பெரும்பாலான வேலை. மேலதிகாரி மாலையில் திருத்தங்களைத் தந்துவிட்டுப் போவார், காலையில் அது முடிந்திருக்க வேண்டும்.

இந்தப் பதவியின் கவர்ச்சிக்குக் காரணம் சம்பளம் மட்டுமல்ல, அதன் காலக்கெடுவும்தான். என்ன ஆகப்போகிறோம் என்று தெரியாத மாணவருக்கு, முடிவெடுப்பதை இரண்டு ஆண்டு தள்ளிப்போட மரியாதையான வழி ஒன்று கிடைத்தது. பெற்றோரிடம் சொல்லவும் பெயர் இருந்தது.

1986இல் யேல் பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டு மாணவர்கள் சுமார் 1,300 பேரில் 40 விழுக்காட்டினர் ஃபர்ஸ்ட் பாஸ்டன் என்ற ஒரே வங்கிக்கு விண்ணப்பித்தனர் என்று மைக்கேல் லூயிஸ் பதிவுசெய்கிறார். லூயிஸ் பிரின்ஸ்டனில் கலை வரலாறு படித்தவர். 1980களின் நடுவில் சாலமன் பிரதர்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து கடன் பத்திரம் விற்றார். அந்த அனுபவத்தை 1989இல் ‘லையர்ஸ் போக்கர்’ என்ற நூலாக எழுதினார். இதைப் படிக்கும் திறமையுள்ள இளைஞர்கள் வேறு பயனுள்ள தொழிலுக்குப் போவார்கள் என்பது அவர் எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. வால் ஸ்ட்ரீட்டில் எப்படி நுழைவது, வேறு ரகசியம் ஏதும் உண்டா என்று கேட்டு மாணவர்கள் அவருக்குக் கடிதம் எழுதினர்.

1987 அக்டோபர் 19 அன்று டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 விழுக்காடு சரிந்தது. 1990 பிப்ரவரியில் டிரெக்சல் பர்னம் லாம்பர்ட் திவாலானது. ஒவ்வொரு சரிவிலும் முதலில் அனுப்பப்பட்டவர்களில் இளையவர்கள் இருந்தனர். ஒவ்வொரு முறையும் சில ஆண்டுகளில் வரிசை மீண்டும் நீண்டது.

யாருக்கு இடம் கிடைத்தது

நம் நாட்டு மாணவர்களுக்கு இங்கே ஒன்றை விளக்க வேண்டும். போட்டி என்றவுடன் நமக்கு எழுத்துத் தேர்வும் தரவரிசைப் பட்டியலும் நினைவுக்கு வரும். முதலீட்டு வங்கிப் பணிக்கு அப்படி ஒரு பொதுத் தேர்வு கிடையாது. வங்கி முதலில் சில கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கும். அந்த வளாகங்களுக்குத் தன் ஆட்களை அனுப்பி விருந்து வைக்கும். பிறகு நேர்காணல். பட்டியலில் இல்லாத கல்லூரியின் மாணவர் எவ்வளவு மதிப்பெண் பெற்றிருந்தாலும், உள்ளே யாரையாவது தெரிந்திருந்தால்தான் அவருடைய விண்ணப்பம் ஒருவர் கண்ணில் படும்.

இதை இரண்டு ஆய்வாளர்கள் நெருங்கிப் பார்த்தனர். முதலாமவர் கேரன் ஹோ. பிரின்ஸ்டனில் மானுடவியல் ஆய்வு மாணவியாக இருந்தபோது படிப்புக்கு இடைவெளி விட்டு 1996இல் பேங்கர்ஸ் டிரஸ்ட் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அவருடைய குழு கலைக்கப்பட்டு வேலை போனது. பிறகு களஆய்வு செய்து 2009இல் ‘லிக்விடேட்டட்’ என்ற நூலை வெளியிட்டார். உலகிலேயே மிகப் புத்திசாலிகளை நாங்கள் வைத்திருக்கிறோம் என்று வங்கிகள் சொல்லிக்கொள்கின்றன. அதற்குச் சான்றாக ஹார்வர்டு, பிரின்ஸ்டன் பெயர்களைக் காட்டுகின்றன. மாணவர்களும் தாங்கள் புத்திசாலிகள் என்பதற்குச் சான்றாக அந்த வங்கிகளின் பெயரைக் காட்டுகின்றனர் என்பது அவருடைய கண்டுபிடிப்புகளில் ஒன்று. ஒன்றுக்கொன்று சாட்சி.

அந்நூலின் மற்றொரு வாதம் இன்னும் ஆழமானது. வங்கியாளர்கள் தாங்களே எந்த நாளும் வேலை இழக்கக்கூடியவர்கள். எச்சரிக்கையில்லாமல் அழைத்து, அன்றே வெளியே அனுப்பிவிடுவார்கள். அதற்கு அவர்கள் பழகிவிடுகிறார்கள், அதை உயர்ந்த பண்பாகவும் கருதத் தொடங்குகிறார்கள். பிறகு ஓர் ஆலையில் எத்தனை ஆட்களைக் குறைக்கலாம் என்று ஆலோசனை சொல்லும்போது, அது இயல்பான செயலாகவே அவர்களுக்குத் தோன்றுகிறது. 23 வயது அனலிஸ்ட் ஒருவரின் கணக்குத் தாளில் ஒரு வரியாக இருப்பது வேறோர் ஊரில் பல குடும்பங்களின் வருமானம். முதலீட்டு வங்கிக்கு யார் போகிறார்கள், அங்கே எப்படி வளர்க்கப்படுகிறார்கள் என்பது அந்த மாணவர்களை மட்டும் பொறுத்த செய்தியாக இல்லாமல் போவது இதனால்தான்.

இரண்டாமவர் லாரன் ரிவேரா. முதலீட்டு வங்கி, சட்ட நிறுவனம், மேலாண்மை ஆலோசனை ஆகிய மூன்று துறைகளில் ஆள் எடுப்பவர்கள் 120 பேரைப் பேட்டி கண்டு, ஒரு நிறுவனத்தின் தேர்வுப் பணியில் தாமே பங்கேற்று, 2015இல் ‘பெடிக்ரீ’ நூலை எழுதினார். விமானம் தாமதமாகி விமான நிலையத்தில் இந்த ஆளோடு மாட்டிக்கொண்டால் எனக்குப் பொழுது போகுமா என்பது பல நேர்காணலாளர்களின் மனத்திலிருந்த அளவுகோல் என்று அவர் காட்டினார். தன்னைப் போலவே விளையாடி, தன்னைப் போலவே பயணம் செய்து வளர்ந்தவரோடு யாருக்கும் பொழுது போகும். கடையில் வேலை பார்த்துப் படித்த மாணவருக்குச் சொல்வதற்கு லக்ராஸ் அணிக் கதைகளும் பனிச்சறுக்குக் கதைகளும் இருக்காது. வைட்ஹெட்டின் பருத்திக் கோட்டு இங்கே மறுபடியும் தோன்றுகிறது.

கதவு திறக்கவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. பிரின்ஸ்டனும் யேலும் 1969இல் இளங்கலை வகுப்புகளில் பெண்களைச் சேர்த்தன. மியூரியல் சீபர்ட் 1967இலேயே நியூயார்க் பங்குச் சந்தையில் சொந்த இடம் வாங்கிய முதல் பெண்ணானார். கோல்ட்மன் சாக்ஸ் 1986இல்தான் முதல் பெண் கூட்டாளியை ஏற்றது. எஸ்.இ.ஓ. என்ற தொண்டு அமைப்பு 1963இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது. அது 1980 முதல் கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்களுக்கு வால் ஸ்ட்ரீட்டில் கோடைக்காலப் பயிற்சிப் பணி பெற்றுத் தந்தது. வேலைக்கு முன்பே மாணவர்களை உட்காரவைத்துத் தொழிலின் சொற்களையும் நடைமுறைகளையும் கற்றுத்தந்தது அதன் சிறப்பு. வீட்டில் கிடைக்காததை வகுப்பறையில் தந்தது.

2008

2008 ஜூனில் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் டிரூ ஃபாஸ்ட் பட்டம் பெறவிருந்த மாணவர்களுக்கு ஆற்றிய உரை இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கது. வரலாற்றாசிரியரான அவர் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். எங்களில் இத்தனை பேர் ஏன் வால் ஸ்ட்ரீட்டுக்குப் போகிறோம் என்று மாணவர்களே திரும்பத் திரும்பத் தம்மிடம் கேட்டதாகச் சொன்ன அவர், அந்தக் கேள்வியையே உரையின் பொருளாக்கினார். போக வேண்டிய இடத்தில் வண்டி நிறுத்த இடமிருக்காது என்று முன்கூட்டியே முடிவுசெய்து இருபது தெரு தள்ளி நிறுத்தாதீர்கள், முதலில் அந்த இடத்துக்கே போய்ப் பாருங்கள் என்ற பொருளில் அறிவுரை சொன்னார்.

அந்த மார்ச் மாதமே பேர் ஸ்டெர்ன்ஸ் வீழ்ந்து ஜே.பி. மார்கன் சேஸ் கைக்குப் போயிருந்தது. செப்டம்பர் 15 அன்று 158 ஆண்டு பழமையான லேமன் பிரதர்ஸ் திவால் மனு கொடுத்தது. சுமார் 25,000 ஊழியர்கள், அவர்களில் சேர்ந்து சில வாரங்களே ஆன பட்டதாரிகளும் உண்டு. மெரில் லிஞ்ச் பேங்க் ஆஃப் அமெரிக்காவோடு சேர்ந்தது. கோல்ட்மன் சாக்ஸும் மார்கன் ஸ்டான்லியும் வைப்புத்தொகை வங்கிகளுக்கான கண்காணிப்பின்கீழ் வந்தன. தனித்து நின்ற ஐந்து பெரிய முதலீட்டு வங்கிகளில் ஒன்றுகூடப் பழைய நிலையில் மிஞ்சவில்லை.

இதோடு மாணவர்களின் ஆர்வம் வடிந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தனர். 2011 செப்டம்பரில் யேல் மாணவியும் எழுத்தாளருமான மரீனா கீகன் மாணவர் நாளிதழில் எழுதிய கட்டுரை, வேலைக்குப் போகும் யேல் பட்டதாரிகளில் சுமார் நான்கில் ஒருவர் நிதித்துறைக்கோ ஆலோசனைத் துறைக்கோ போகிறார் என்று கவலைப்பட்டது. அவர் பேசிய மாணவர்களில் சிறுவயதிலிருந்தே இதற்கு ஆசைப்பட்டவர்கள் இல்லை. திறமை வளர்த்துக்கொள்ளலாம், பிறகு விரும்பியதைச் செய்யலாம் என்பதே பொதுவான பதில். அந்த மாதம்தான் வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டம் தொடங்கியது. அதன் தாக்கத்தில் யேலிலும் பிரின்ஸ்டனிலும் வங்கிகளின் வளாகக் கூட்டங்களுக்கு மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். கீகன் 2012 மே மாதம் பட்டம் பெற்ற சில நாள்களில் கார் விபத்தில் இறந்தார்.

மாணவர் கடன் இந்தத் தேர்வைத் தூண்டுகிறதா என்பது பழைய கேள்வி. பொருளியலாளர்கள் ரோத்ஸ்டீன், ரௌஸ் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, கடனுக்குப் பதிலாக உதவித்தொகை தரத் தொடங்கிய ஓர் உயர்தரப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டது. கடன் உள்ளவர்கள் கூடுதல் சம்பள வேலைகளையும், கடன் இல்லாதவர்கள் குறைந்த சம்பளப் பொதுநல வேலைகளையும் நாடும் போக்கு இருப்பதாக அது கண்டது. ஆனால் கடனே இல்லாத வசதியான வீட்டுப் பிள்ளைகளும் அதே வரிசையில் நின்றார்கள் அல்லவா? அதற்கு 2016இல் ஏமி பைண்டரும் இரு ஆய்வாளர்களும் ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் செய்த ஆய்வு ஒரு விடை தருகிறது. முதலாண்டில் இப்படி ஒரு வேலை இருப்பதே பலருக்குத் தெரியாது. இறுதியாண்டுக்குள் வளாகமே அவர்களை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறது. போட்டியில் வென்றே அங்கு வந்து சேர்ந்த மாணவர்களுக்கு அடுத்த போட்டி எது என்று கண்முன்னே காட்டப்படுகிறது. கடன் விளக்கத்தைவிட இது எனக்கு உண்மைக்கு நெருக்கமாகப் படுகிறது.

உழைப்பின் விலை

வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை என்பது இத்தொழிலில் பெருமையாகப் பேசப்பட்டு வந்தது. அலெக்சாண்ட்ரா மிஷெல் என்ற ஆய்வாளர் இரண்டு வங்கிகளின் இளம் ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் கட்டுரை வெளியிட்டார். முதல் மூன்று ஆண்டுகள் அவர்கள் உடலை அடக்கி வேலை வாங்கினர். நான்காம் ஆண்டு முதல் உடல் அடங்க மறுத்தது. தூக்கமின்மை, நோய்கள், போதைப் பழக்கங்கள் வெளிப்பட்டன.

2013 ஆகஸ்டில் லண்டனில் ஒரு பெரிய அமெரிக்க வங்கியில் கோடைக்காலப் பயிற்சியில் இருந்த 21 வயது ஜெர்மானிய மாணவர் தம் தங்குமிடத்தில் இறந்து கிடந்தார். பயிற்சி முடிய ஒரு வாரமே இருந்தது. மரணத்துக்குக் காரணம் வலிப்பு என்று விசாரணை முடிவுசெய்தது. களைப்பு அதைத் தூண்டியிருக்கக்கூடும், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் கூறியது. அதற்குப் பிறகு வங்கிகள் விதிகள் வகுத்தன. வெள்ளி இரவு 9 மணி முதல் ஞாயிறு காலை 9 மணி வரை இளநிலை ஊழியர்கள் அலுவலகம் வரக் கூடாது என்றது கோல்ட்மன் சாக்ஸ். 2015இல், பயிற்சி மாணவர்கள் நள்ளிரவு முதல் காலை 7 மணி வரை அலுவலகத்தில் இருக்கக் கூடாது என்றது. தூங்குவதற்கு விதி போட வேண்டியிருந்த தொழில்கள் அதிகம் இருக்காது.

விதிகள் எவ்வளவு பலித்தன என்பது 2021இல் தெரிந்தது. அதே நிறுவனத்தின் முதலாண்டு அனலிஸ்ட்கள் 13 பேர், தாங்கள் தொழிலில் கற்ற முறையிலேயே விளக்கப்படங்களோடு ஓர் ஆய்வறிக்கை தயாரித்தனர். சராசரியாக வாரம் 95 மணி நேர வேலை, இரவில் 5 மணி நேரத் தூக்கம். அவர்கள் கேட்டது வாரம் 80 மணி நேர உச்சவரம்பு. நம் தொழிலாளர் சட்டங்களின் வாரம் 48 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் அந்தக் கோரிக்கையின் அடக்கம் விளங்கும். அறிக்கை வெளியே கசிந்து உலகச் செய்தியானது. சில மாதங்களில் பெரிய வங்கிகள் முதலாண்டு அடிப்படைச் சம்பளத்தை ஆண்டுக்கு 1 லட்சம் டாலருக்கும் மேலாக உயர்த்தின. கேட்டது நேரம், கிடைத்தது பணம்.

மேலும் மேலும் முன்னால்

போட்டி முற்றியபோது அது பின்னோக்கி வளர்ந்தது. முன்பு இறுதியாண்டில் நடந்த தேர்வு, முழுநேர வேலை பெரும்பாலும் கோடைக்காலப் பயிற்சியாளர்களுக்கே என்றானதும் மூன்றாமாண்டுக்கு வந்தது. 2010களின் பிற்பகுதியில், பயிற்சிக்கு ஓராண்டுக்கும் முன்னதாக, இரண்டாமாண்டிலேயே நேர்காணல்கள் நடக்கத் தொடங்கின. அதற்கேற்ப மாணவர் முதலீட்டு மன்றங்கள் பெருகின. சில பல்கலைக்கழகங்களில் அந்த மன்றத்தில் உறுப்பினராகவே விண்ணப்பமும் நேர்காணலும் உண்டு. 18 வயதில் கல்லூரிக்குள் காலடி வைத்த சில வாரங்களில் முதல் நிராகரிப்பு வந்துவிடுகிறது. முதலாண்டில் எந்தப் பாடம் பிடிக்கிறது என்று தேடிப் பார்க்க வாய்ப்பளிப்பதே அமெரிக்க இளங்கலைக் கல்வியின் பெருமையாகச் சொல்லப்பட்டு வந்தது. அந்தக் காலம்தான் முதலில் காணாமல் போனது.

2016இல் கோல்ட்மன் சாக்ஸ் அமெரிக்க வளாகங்களில் முதல் சுற்று நேரடி நேர்காணலை நிறுத்திப் பதிவுசெய்த காணொளி நேர்காணலுக்கு மாறியது. பட்டியலில் இல்லாத கல்லூரி மாணவர்களும் விண்ணப்பிக்க இது வழி செய்தது. விண்ணப்பங்களின் எண்ணிக்கை லட்சங்களைத் தொட்டதற்கு இதுவும் காரணம். வாசல் அகலமானது, அறை அதே அளவில் இருந்தது.

இதே பழக்கம் இப்போது வங்கிகள் மீதே திரும்பியிருக்கிறது. தனியார் பங்கு முதலீட்டு நிறுவனங்கள், வங்கியில் இரண்டு ஆண்டு முடித்தவர்களை எடுப்பவை. அவை தம் தேர்வை முன்னே தள்ளித் தள்ளி, வங்கியில் இன்னும் முதல் நாள் வேலைக்குப் போகாதவரையே இரண்டு ஆண்டுக்குப் பிந்தைய வேலைக்கு நேர்காணல் செய்யத் தொடங்கின. 2025 ஜூனில் ஜே.பி. மார்கன் சேஸ் தன் புதிய அனலிஸ்ட்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. வேலையில் சேர்வதற்கு முன்போ சேர்ந்த முதல் 18 மாதங்களுக்குள்ளோ வேறோர் இடத்தில் எதிர்கால வேலையை ஒப்புக்கொள்பவர்கள் பணிநீக்கம் செய்யப்படுவார்கள் என்றது அது. அதே மாதம் அப்பல்லோ என்ற பெரிய முதலீட்டு நிறுவனம், 2027இல் சேரவேண்டியவர்களுக்கான நேர்காணலை அந்த ஆண்டு நடத்தப்போவதில்லை என்று அறிவித்தது.